இபாத்தியெவ் முதல் இபாத்தியெவ் வரை: ரஷ்யாவில் பன்னிரண்டு நாள்

ஜூன் 14, 2024, வெள்ளி. பீட்டர்ஸ்பர்க்

ராத்திரி பதினொன்றரை. ஜன்னலுக்கு வெளியே நம்மூர் சாயங்காலம் ஆறு மணி வெளிச்சம். திரைச்சீலையை இழுத்து மூடியும் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இது அக்காவின் ஆசை. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவர். ஜார் மன்னர்களின் ரோமானோவ் வம்சம், ரஷ்யப் புரட்சி என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய ஊர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து இப்போதுதான் கூடி வந்தது. நாங்கள் ஆறு பேர், ஒரு வேன், ஒரு ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் ஓர் இளம் வழிகாட்டிப் பெண். பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கி யெகாத்தெரின்பர்க் வரை தரை வழியாகவே போகிறோம்.

வெளிநாட்டு வங்கி அட்டை எதுவும் இங்கே செல்லாது என்று தெரிந்துதான் டாலர் நோட்டாகக் கொண்டுவந்தோம். பணம் மாற்றும் இடத்தில் அதிலும் இரண்டு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஓரத்தில் ஊரில் யாரோ குத்திய சின்ன ரப்பர் முத்திரை இருந்ததாம். வரப்போகிறவர்கள் சுத்தமான நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு வசதி, ரூபிளும் ரூபாயும் இந்த 2024 ஜூனில் ஏறக்குறைய சமம். விலையைப் பார்த்ததும் மனக்கணக்கு போட வேண்டியதில்லை.

காலையில் பீட்டர்-பால் கோட்டை. உள்ளே உள்ள தேவாலயத்தில் மகா பீட்டர் முதல் ஜார்கள் வரிசையாக வெள்ளைப் பளிங்குக் கல்லறைகளில் இருக்கிறார்கள். 1881ல் குண்டு வீசிக் கொல்லப்பட்ட இரண்டாம் அலெக்சாந்தருக்கு மட்டும் பச்சைக் கல், பக்கத்தில் அவர் மனைவிக்கு இளஞ்சிவப்புக் கல். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அந்த வரிசையில் இல்லை. ஓரமாக ஒரு சிற்றறை, குறுக்கே கயிறு. அங்கேதான் 1998 ஜூலை 17 அன்று அவரையும் மனைவியையும் மூன்று மகள்களையும் அடக்கம் செய்தார்கள். குழந்தைகள் ஐந்து பேராயிற்றே, மற்ற இரண்டு பேர் எங்கே என்று அக்கா கேட்டார். கடைசி நாள் சொல்கிறேன் என்றார் வழிகாட்டி. அப்போது சரியாகப் பன்னிரண்டு மணி. கோட்டைச் சுவரில் பீரங்கி வெடித்தது. தினமும் நடுப்பகலில் வெடிப்பார்களாம். வளாகத்தில் இருந்த அத்தனை புறாவும் ஒரே நேரத்தில் எழும்பின.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பீட்டரின் மரவீடு. 1703ல் இந்த நகரத்தைத் தொடங்கியபோது படைவீரர்கள் மூன்றே நாளில் கட்டிக் கொடுத்தது. பைன் மரக்கட்டைகளை அடுக்கி, மேலே செங்கல் போலத் தெரியும்படி சிவப்பில் கோடு கோடாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சாயத்துக்கு அடியில் மரத்தின் ரேகை தெரிகிறது. ஆறே முக்கால் அடி உயர மனிதர், இவ்வளவு சின்ன அறைகள். இன்று பார்த்ததில் என் மனதில் நின்றது இதுதான்.

ஜூன் 15, சனி

குளிர்கால அரண்மனை. தங்கம், மலக்கைட் கல்லின் பச்சை, படிக விளக்கு, மறுபடியும் தங்கம். மூன்று மணி நேரத்தில் கண் களைத்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன், நூறு அறை பார்ப்பதைவிடப் பத்து அறையை நின்று பார்ப்பது மேல்.

நான் நின்று பார்த்தது வெள்ளைச் சாப்பாட்டு அறை. அளவில் ஒரு பெரிய வீட்டின் கூடம்தான். 1917 அக்டோபர் இரவில் ஜார் பதவி இறங்கியபின் வந்த இடைக்கால அரசின் அமைச்சர்கள் இங்கே உட்கார்ந்திருந்தபோது லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் உள்ளே வந்து கைது செய்தார்கள். அடுப்புமாடத்தின் மேல் இருந்த கடிகாரத்தை அதிகாலை 2.10ல் நிறுத்திவிட்டார்கள். சரியாக நூறு வருடம் கழித்து 2017ல்தான் மறுபடி ஓட விட்டார்கள். நாங்கள் நின்றபோது ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். காவலுக்கு நாற்காலியில் இருந்த பாட்டி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, கூட்டத்தைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

வெளியே அதே அரண்மனைச் சதுக்கம். 1905 ஜனவரியில் ஜாரின் படங்களையும் தேவாலயப் படங்களையும் ஏந்திக்கொண்டு மனு கொடுக்க வந்த தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும் என்றார் அக்கா. வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்.

சாயங்காலம் 'சிந்திய குருதியின் இரட்சகர்' ஆலயம். இரண்டாம் அலெக்சாந்தர் மேல் குண்டு விழுந்த இடத்தில் எழுப்பியது. உள்ளே தரையோடு தரையாக, அன்றைய தெருக் கற்களையும் கால்வாய்க் கம்பித் தடுப்பில் ஒரு பகுதியையும் அப்படியே விட்டு, மேலே கல்லால் ஒரு மண்டபம். 1861ல் பண்ணையடிமை முறையை ஒழித்த மன்னர் அவர்.

ராத்திரிக்கு ஒரு பழைய கடையில் 'பிஷ்கி'. மாவுச் சர்க்கரை தூவிய, நடுவில் ஓட்டை போட்ட சுடச்சுட பலகாரம். தட்டில் குவித்து, பாலும் சர்க்கரையும் கலந்தே வரும் காப்பியோடு நின்றபடியே சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கு 400 ரூபிள்கூட ஆகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு. ஜார்ஸ்கொயே செலோ

காலையிலிருந்து தூறல். காத்தரின் அரண்மனையில், அம்பர் என்கிற கல்லாகிப்போன மரப்பிசின் பதித்த அறைக்கு அரை மணி நேரம் வரிசை, உள்ளே நிற்கச் சில நிமிடம். 1941ல் ஜெர்மானியர்கள் பெயர்த்துக்கொண்டு போனதை மறுபடி செய்து 2003ல் திறந்தார்கள். தேன் நிறத்தில் ஜொலிக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும், பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளி அலெக்சாந்தர் அரண்மனை. கடைசி ஜாரின் குடும்பம் நிஜமாக வாழ்ந்த வீடு. பல வருடப் புனரமைப்புக்குப் பிறகு 2021ல் திறந்தார்கள். கூட்டமே இல்லை. ராணியின் அறை சுவர், திரை, நாற்காலி எல்லாம் வெளிர் ஊதா. இங்கேதான் 1917 மார்ச் முதல் வீட்டுக்காவல். பேரரசரும் பிள்ளைகளும் தோட்டத்தைக் கொத்திக் காய்கறி போட்டார்கள். ஆகஸ்டில் ஒரு நாள், சைபீரியாவுக்கு அனுப்புவதற்காக, இன்றிரவு ரயில் என்று சொல்லிவிட்டு, விடியும் வரை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த அரைவட்டக் கூடத்தில் பெட்டி படுக்கையோடு, தூங்கி விழுந்துகொண்டு, ஐந்து பிள்ளைகள். கடைசிப் பையன் அலெக்சேயிடம் ஜாய் என்று ஒரு நாய். அந்த நாய் மட்டும் எப்படியோ பிழைத்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

இந்தக் கூடத்தில் நாங்கள் ஆறு பேரும் பேசாமல் நின்றோம். வண்டி வராத ஸ்டேஷனில் ராத்திரி முழுக்கக் குழந்தைகளோடு காத்திருந்தவர்களுக்கு அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

ஜூன் 17, திங்கள். நோவ்கொரோத்

வேனில் தெற்கே மூன்று மணி நேரம். வழியெல்லாம் பிர்ச் மரம், வெள்ளைத் தண்டு, ஈரப் புல்.

கோட்டைக்குள் 1862ல் நிறுத்திய 'ரஷ்யாவின் ஆயிரம் ஆண்டு' நினைவுச்சின்னம். பெரிய மணி போன்ற உருவம், சுற்றிலும் நூற்றுக்கு மேல் வெண்கல மனிதர்கள். பதினாறாம் நூற்றாண்டு ஜாரான பயங்கர இவான் மட்டும் கிடையாது. இந்த நகரத்துக்கு அவர் செய்த அழிவை மூன்று நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இதைக் கழற்றிப் போட்டார்கள், 1944லேயே மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

கால் வலிக்கிறதென்று அக்கா ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்தார். எங்கிருந்தோ ஒரு பாட்டி, கையில் துணிப்பை, முகத்தில் அத்தனை கோபம், படபடவென்று ரஷ்யனில் திட்டினார். உட்காரக்கூடாத இடமோ என்று பதறி எழுந்தோம். பாட்டி பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நாலாக மடித்துக் கல்லின் மேல் வைத்து, அக்காவின் தோளை அழுத்தி அதன்மேல் உட்கார வைத்துவிட்டு, இன்னும் திட்டிக்கொண்டே போய்விட்டார். ஈரக் கல்லில் பெண்கள் உட்கார்ந்தால் உடம்புக்கு ஆகாதாம், வழிகாட்டி சிரித்தபடி சொன்னார். "நம்ம அத்தை மாதிரியே இல்லடா?" என்றார் அக்கா. இந்த மூன்று நாளில் யாரும் சிரித்து வரவேற்கவில்லையே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. இன்றோடு போயிற்று.

மத்தியானம் ஒக்ரோஷ்கா. க்வாஸ் என்கிற புளித்த ரொட்டிப் பானத்தில் வெள்ளரி, முள்ளங்கி, உருளைக்கிழங்கு நறுக்கிப் போட்டுக் குளிரக் குளிரத் தருகிறார்கள். இறைச்சி போடாமல் அக்காவுக்குத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். முதல் கரண்டியிலேயே "நீராகாரம்" என்றார். அதேதான். 320 ரூபிள்.

ஜூன் 18, 19. மாஸ்கோ

நெரிசலான நகரம், இரண்டு நாள் போதவில்லை. 31 டிகிரி வெயில், காற்றில் பாப்லார் மரப் பஞ்சு பனி மாதிரி பறக்கிறது. ஓட்டுநருக்குக் கண் சிவந்து தும்மல்.

கிரெம்லினில் ஜார்களுக்கு முடிசூட்டிய தேவாலயத்தைவிட வர்வார்கா தெருவில் ரோமானோவ்களின் பழைய வீடு பிடித்தது. குனிந்து நுழைகிற வாசல், தடித்த சுவர். முதல் ரோமானோவ் ஜாரான மிகைல் 1596ல் பிறந்தது இங்கே என்பது வழக்கு.

பழம்பொருள் சந்தையில் ஒருவர் ஓர் எனாமல் குவளையைக் காட்டினார். மேலே கிரீடம், 1896 என்ற வருடம். நிக்கோலஸ் முடிசூட்டின்போது கொதின்கா மைதானத்தில் மக்களுக்குக் கொடுத்தது. இந்தக் குவளையும் ஒரு ரொட்டியும் தீர்ந்துவிடுமோ என்ற நெரிசலில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் மிதிபட்டு இறந்தார்கள். அன்று ராத்திரியே மன்னர் பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்குப் போனார். குவளையைக் கையில் வாங்கிய அக்கா விலைகூடக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று வழிகாட்டிக்குப் பிறந்தநாள். தெருமுனைப் பூக்கடையில் அக்கா ஆறு பியோனி பொறுக்கினார். கடைக்காரம்மா தலையை ஆட்டி ஒன்றைத் திருப்பி வாளியில் போட்டார். ஆறு வேண்டும் என்று அக்கா மறுபடி விரலைக் காட்ட, அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டி மறுத்தார். ஐந்தோடு வந்தோம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, இங்கே அதுதான் முறை என்று அப்புறம்தான் தெரிந்தது. மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து ஒற்றைப்படையாக்கி வைக்கிற ஊரிலிருந்து போன எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை.

ஜூன் 20, வியாழன். கோஸ்த்ரோமா

வழியில் செர்கியெவ் பொசாத் மடம். ரோமானோவ்களுக்கு முன் ஆண்ட ஜார் போரிஸ் கொதுனோவின் கல்லறை தேவாலயத்துக்கு வெளியே, சுவரோரம். ரோமானோவ் குடும்பத்தைச் சிதற அடித்து, மிகைலின் தாயையும் தந்தையையும் வலுக்கட்டாயமாகத் துறவு பூணச் செய்தவர் இவர்தான்.

கோஸ்த்ரோமா வந்து சேர இரவு எட்டு. தங்கும் இடத்தில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். நகரம் முழுக்கச் சுடுதண்ணீர் ஒரே நிலையத்திலிருந்து குழாயில் வருகிறது. கோடையில் பேட்டை பேட்டையாக நிறுத்திவிட்டுக் குழாய்களைப் பழுது பார்ப்பார்களாம், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். இந்தத் தெருவுக்கு இந்த வாரம். முன்பதிவின்போது யாரும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் எரிச்சல். வீட்டுக்கார அம்மா பெரிய பானையில் தண்ணீர் காய்ச்சி, வாளியும் சொம்பு மாதிரி ஒரு கோப்பையும் கொண்டுவந்து வைத்தார். பத்து நாளில் இன்றுதான் திருப்தியாகக் குளித்தேன் என்றார் அக்கா. நாள் ஆறோ ஏழோதான் ஆகிறது, ஆனால் அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது.

ஜூன் 21, வெள்ளி. கோஸ்த்ரோமா

இன்றைய நாளுக்காகத்தான் இந்தப் பயணமே என்று இப்போது தோன்றுகிறது.

கோஸ்த்ரோமா ஆறு வோல்காவில் சேரும் இடத்தில் இபாத்தியெவ் மடம். வெள்ளை மதில், தங்க முடிகள். 1613ல் நாடு மன்னர் இல்லாமல், பஞ்சத்திலும் போலந்துப் படையெடுப்பிலும் சிதறிக் கிடந்தது. மாஸ்கோவில் கூடிய பெருமன்றம் மிகைலைத் தேர்ந்தெடுத்தது. பையன் இங்கே தாயோடு ஒளிந்திருந்தான். வயது பதினாறு. தந்தை போலந்தில் சிறையில். தூதுக்குழு தேவாலயப் படங்களை ஏந்திக்கொண்டு ஊர்வலமாக வந்து மண்டியிட்டது. பையன் கோபமாக அழுதான். தாய் மார்ஃபா மாட்டேன் என்றார். இதற்கு முன் அரியணை ஏறினவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்தானே. மணிக்கணக்கில் கெஞ்சிய பிறகு, அந்தத் திரித்துவ ஆலயத்துக்குள் மகனைத் தாமே ஒப்புக்கொடுத்தார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர், "முப்பத்திரண்டு வருஷம் '1613, மிகைல் தேர்ந்தெடுக்கப்பட்டார்'னு ஒரே வரியில முடிச்சிட்டேன் தம்பி. அந்த அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார்.

ரோமானோவ் மாளிகை என்று அங்கே காட்டுவது இரண்டு மாடி வீடு. தாழ்ந்த வளைவுக் கூரை, மூலையில் ஓடு பதித்த கணப்பு. உள்ளங்கையை ஓட்டின் அருகே கொண்டு போனேன். ஜூனிலும் அந்தச் சுவர் குளிர்ச்சியாக மூச்சு விடுகிறது.

300 வருடம் கழித்து, 1913 மே மாதம், இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தோடு வோல்காவில் கப்பலில் இங்கே வந்தார். ஊர்ப் பூங்காவில் வம்ச நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நட்டார். அது முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீடம் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் இப்போது லெனின் நிற்கிறார், கையை நீட்டியபடி. கீழே ஒரு பாட்டி சிறுமிக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

சந்தை வளைவுகளுக்குக் கீழே கோஸ்த்ரோமா பாலாடைக்கட்டி, கால் கிலோ 230 ரூபிள். ருசி பார்க்கச் சொல்லி ஐந்து வகை வெட்டிக் கொடுத்தார்கள், வாங்காமல் நகர மனம் வரவில்லை.

ஜூன் 22, 23. ரயில்

யாரோஸ்லாவ்ல் வரை வேன், அங்கே ஓட்டுநருக்கு விடை. அதன் பிறகு கீரொவ், பெர்ம் வழியாக ஒரு நாளுக்கு மேல் ரயில்.

அக்காவுக்கு மேல் படுக்கை விழுந்திருந்தது. கீழே கேட்டுப் பதிவு செய்ததற்கான ரசீது கையில் இருந்தும் பலனில்லை. எதிரில் இருந்த, சுரங்க வேலைக்குப் போகும் ஓர் ஆள் ஒரு பேச்சும் இல்லாமல் தன் மெத்தையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு, அக்காவின் பெட்டியைக் கீழே தள்ளி வைத்தார். நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். அப்புறம் பெட்டிக் காப்பாளர் அம்மா வெள்ளி நிறப் பிடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொண்டுவந்தார். நாங்கள் முறுக்கை நீட்டினோம், அந்த ஆள் பச்சை வெங்காயமும் வேகவைத்த முட்டையும் நீட்டினார். அக்கா வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பாதையின் மறுகோடி கிழக்குக் கடற்கரையில் உள்ள விளாதிவஸ்தோக். 1891ல் அங்கே சைபீரிய ரயில்பாதை வேலையைத் தொடங்கி வைத்தவர் இளவரசராக இருந்த நிக்கோலஸ். கப்பலில் பம்பாய்க்கு வந்து, இந்தியாவைச் சுற்றிப் பார்த்து, கொழும்பு வழியாகக் கிழக்கே போன நீண்ட பயணத்தின் முடிவில். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது.

ஏதோ ஒரு ஸ்டேஷனில் இருபது நிமிடம் நின்றது. நடைமேடையில் சீருடை போட்ட ஒரு பையன், முகத்தில் இன்னும் சரியாக மீசை வரவில்லை. அம்மா அவன் சட்டைக் காலரைச் சரி செய்கிறார், மறுபடி சரி செய்கிறார். வண்டி கிளம்பும்வரை கையை எடுக்கவில்லை. பெட்டிக்குள் யாரும் எதுவும் பேசவில்லை. முந்தின நாள் கேட்ட மார்ஃபாவின் கதை எனக்கு ஞாபகம் வந்தது.

இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம். காப்பாளர் அம்மா ஓடி வந்து ஜன்னலைக் காட்டினார். வெள்ளைத் தூண் ஒன்று சட்டென்று கடந்தது. ஐரோப்பா முடிந்து ஆசியா.

ஜூன் 24, திங்கள். யெகாத்தெரின்பர்க்

இங்கேயும் இபாத்தியெவ்தான். ஆனால் இது ஒரு பொறியாளரின் பெயர். அவர் வீட்டை 1918 ஏப்ரலில் பறித்து, சுற்றிலும் உயரப் பலகை வேலி போட்டு, ஜார் குடும்பத்தை அடைத்தார்கள். மடத்தில் தொடங்கிய வம்சம் அதே பெயர் கொண்ட வீட்டில் முடிந்தது.

வீடு இப்போது இல்லை, 1977ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2003ல் பிரதிஷ்டை செய்த பெரிய ஆலயம். மேல்தளத்தில் பளிச்சென்ற ஒளி, கீழ்த்தளத்தில் அரை இருட்டு. அடித்தள அறை இருந்த இடத்தைக் கீழேதான் காட்டுகிறார்கள். 1918 ஜூலை 16 நள்ளிரவு தாண்டி எழுப்பி, பாதுகாப்புக்காகக் கீழே வாருங்கள் என்றார்கள். இருபத்துமூன்று படி. அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத நோய், நடக்க முடியவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு இறங்கினார். குடும்பத்தில் ஏழு பேர், மருத்துவர், பணிப்பெண், சமையல்காரர், உதவியாளர் என்று நாலு பேர். பதினொரு பேரையும் அந்தச் சின்ன அறைக்குள் சுட்டார்கள். அலெக்சேயோடு விளையாடும் சமையலறைப் பையனை மட்டும் அதற்கு முன்பே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். கொடுங்கோல் ஆட்சி என்றுதான் நானும் படித்தேன், அக்காவும் நடத்தினார். அது பொய் இல்லை. அரண்மனைச் சதுக்கத்தில் சுடப்பட்டவர்களும் கொதின்காவில் மிதிபட்டவர்களும் பிள்ளை குட்டி உள்ளவர்கள்தான். அதற்காகப் பதின்மூன்று வயதுப் பையனைச் சுட்டதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, கனமாகத்தான் இருக்கிறது. அக்கா ராத்திரி சாப்பிடவில்லை. கெஃபிர் என்கிற மோர் மட்டும் குடித்தார், உப்புப் போட்டு.

ஜூன் 25, செவ்வாய்

காட்டுக்குள் கனினா யாமா. உடல்களை முதலில் போட்ட பழைய சுரங்கக் குழி. ஏழு பேருக்கு ஏழு மர ஆலயங்கள், குழியைச் சுற்றி மரப் பலகை நடை. அக்காவுக்கு வாசலில் முக்காடும் பாவாடையும் கொடுத்தார்கள், சேலைக்கு மேல் பாவாடை தேவையில்லை என்று அவர்களே புரிந்துகொண்டு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கொசு பிடுங்கி எடுக்கிறது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் இன்னோர் இடம், ஆலயம் எதுவும் கிடையாது. குழியில் இருந்து எடுத்து மறுநாள் இரவு கொண்டு போகும்போது லாரி சேற்றில் சிக்கவே, பாதையிலேயே புதைத்து மேலே ரயில் கட்டைகளைப் பரப்பிவிட்டார்கள். 1979ல் கண்டுபிடித்து, ரகசியமாக வைத்திருந்து, 1991ல் தோண்டினார்கள். அதில் இரண்டு பிள்ளைகள் இல்லை. 2007ல்தான் கொஞ்ச தூரத்தில் அவர்கள் எலும்புத் துண்டுகள் கிடைத்தன, அலெக்சேயும் அவன் அக்கா மரியாவும். முதல் நாள் கேட்ட கேள்விக்கு வழிகாட்டி இங்கே நின்று பதில் சொன்னார். திருச்சபை ஆய்வு, விவாதம் என்று தள்ளிப்போய், அந்த இரண்டு பேரை மட்டும் இன்றுவரை பெற்றோர் பக்கத்தில் அடக்கம் செய்யவில்லை.

வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரப் பூக்கடையில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னது எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு விரலைக் காட்டினார். கடைக்காரப் பெண் மறுக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. வெள்ளை பியோனி இரண்டைத் தண்டு துடைத்து, தாளில் சுற்றிக் கொடுத்தார். 300 ரூபிள்.

அவற்றை அக்கா சிலுவைக்கு அருகே ஈரப் புல்லில் வைத்தார். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று கடந்து முடிய ரொம்ப நேரம் ஆனது. முடியும்வரை நின்றோம்.